பேன்ட் சைஸ் 34, வயிற்றுச் சுற்றளவு 38

"எனக்கு இடுப்பு 34ங்க. கல்யாணத்தப்ப தெச்ச பேன்ட்டும் 34, போன தீபாவளிக்கு எடுத்ததும் 34. நான் ஏறவே இல்லீங்க்கா" என்றார் எங்கள் அயர்ன் மாஸ்டர். பெருமையாகத்தான் சொன்னார்.

அவர் பொய் சொல்லவில்லை. பேன்ட் 34தான். ஆனால் கல்யாணத்தின்போது தொப்புளுக்குக் கிட்டே நின்ற பேன்ட் இப்போது வழுக்கிக்கொண்டு தொப்பைக்கு அடியில் வந்து நிற்கிறது. அரைஞாண் கயிறும் அதே வழியில் இறங்கிவிட்டது. டேப்பை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்து அளந்தேன். 96 செ.மீ. இன்ச்சில் சொன்னால் கிட்டத்தட்ட 38.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் மருத்துவ அறையில் நர்ஸாக இருக்கிறேன். அதற்கு முன்னால் பதினோரு வருடம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தேன். இந்த ஊரில் இன்ச் டேப்புக்குப் பஞ்சமே இல்லை. டெய்லர் கழுத்தில் ஒன்று தொங்கும், செக்கிங் டேபிளில் ஒன்று கிடக்கும், மெர்ச்சன்டைசர் பையில் ஒன்று இருக்கும். ஒரு டீசர்ட்டின் மார்பளவு கால் இன்ச் கூடினால் கண்டுபிடித்துவிடுவார்கள். தன் வயிற்றை அளக்கச் சொன்னால் மட்டும் டேப்பை எடுத்துப் பேன்ட் பெல்ட்டின் மேலேயே சுற்றுவார்கள்.

உடல் பருமன் இருக்கிறதா என்று முதல்கட்டமாகப் பார்க்க ஆஸ்பத்திரி தேவையில்லை, ஸ்கேன் தேவையில்லை. ஒரு டேப், ஒரு எடை மெஷின், ஒரு சுவர் இருந்தால் போதும். எந்த இடத்தில், எப்படி அளப்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் அப்பா அம்மாவுக்குப் பார்க்கலாம், நீங்கள் வேலை செய்யும் இடத்தில் பத்துப் பேருக்குப் பார்க்கலாம். நான் செய்கிற முறையைச் சொல்கிறேன், நான் செய்த தப்புகளையும் சேர்த்து.

முதலில் டேப்பையே அளங்கள்

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்த டாக்டரும் இல்லை. எங்கள் கம்பெனியில் துணியின் தரம் பார்க்கும் க்யூசி தம்பி. ஒரு நாள் தலைவலி மாத்திரை வாங்க வந்தவர் என் டேபிளில் கிடந்த டேப்பை எடுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இது எத்தனை வருசமா வெச்சிருக்கீங்க? இது பொய் சொல்லுமே" என்றார். ஓடிப்போய் ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் கொண்டுவந்து டேப்பைப் பக்கத்தில் வைத்தார். டேப் நீண்டிருந்தது. மீட்டர் நீளத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம். துணி டேப்பும் பிளாஸ்டிக் டேப்பும் இழுத்து இழுத்து நாளாவட்டத்தில் நீண்டுவிடும். நீண்ட டேப் உண்மையான அளவைவிடக் குறைத்துக் காட்டும். அதாவது 81 செ.மீ. இருக்கிற ஒரு பெண்ணை நான் 80க்குக் கீழே என்று எழுதி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். எத்தனை பேரை அப்படி அனுப்பினேனோ.

ஆகவே ஸ்டீல் ஸ்கேலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டேப்பின் நுனியில் பித்தளைத் தகடு இருந்தால் பூஜ்ஜியம் தகட்டின் விளிம்பிலிருந்து தொடங்குகிறதா, தகடு முடிந்த பிறகா என்றும் பாருங்கள். அப்புறம், டேப்பில் ஒரு பக்கம் இன்ச், மறுபக்கம் சென்டிமீட்டர் இருக்கும். அவசரத்தில் முறுக்கிவிட்டு மறுபக்கத்தைப் படிப்பது ரொம்ப சாதாரணமாக நடக்கிற தப்பு. நான் எப்போதும் சென்டிமீட்டரிலேயே எழுதுவேன். டெய்லர் மக்களுக்குச் சொல்லும்போது மட்டும் இன்ச்சாக மாற்றிச் சொல்வேன். ஒரு இன்ச் 2.54 செ.மீ.

எடை மெஷினுக்கும் இதே சோதனைதான். ஐந்து லிட்டர் தண்ணீர் ஐந்து கிலோ. நிரப்பின கேனைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி நின்றால் எடை ஐந்து கிலோவும் காலி கேனின் சில கிராமும் கூட வேண்டும். மெஷினைச் சிமென்ட் தரையிலோ டைல்ஸ் மேலோ வையுங்கள். ஜமுக்காளம், பாய், தார்ப்பாய் மேல் வைத்தால் தப்பாகக் காட்டும். ஒரு முறை எங்கள் வளாகத்துக்கு முகாம் நடத்த வந்தவர்கள் தார்ப்பாய் மேல் மெஷினை வைத்து வரிசையாக எடை எடுத்தார்கள். ஒரே ஆள் இரண்டு முறை ஏறினால் மூன்று கிலோ வித்தியாசம் காட்டியது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எல்லாருக்கும் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

உயரமும் எடையும்

இதில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலும் பின்புறமும் தோள்பட்டையும் சுவரில் படும்படி நேராக நிற்க வேண்டும். பார்வை நேராக எதிரே இருக்க வேண்டும், அண்ணாந்தோ குனிந்தோ பார்க்கக் கூடாது. தலை உச்சியில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை வைத்து, அதன் முதுகைச் சுவரோடு ஒட்டி, பென்சிலால் ஒரு கோடு. தரையிலிருந்து கோடு வரை அளந்தால் உயரம். உச்சிக்கொண்டை போட்டிருந்தால் அவிழ்க்கச் சொல்லுங்கள். மல்லிகைப்பூவை அழுத்திவிடலாம், கொண்டையை அழுத்த முடியாது.

முதுகு வளைந்த பாட்டிகளுக்கு இந்த உயரம் சரிவராது. அவர்களுக்கு இரண்டு கையையும் சிலுவை மாதிரி விரிக்கச் சொல்லி, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனி வரை அளந்தால் வயதுக்காலத்துக்கு முன் இருந்த உயரம் ஏறக்குறைய கிடைக்கும்.

எடையைக் காலையில், மெல்லிய துணியில் எடுப்பது நல்லது. பாக்கெட்டில் இருக்கும் செல்போன், சாவிக்கொத்து, சில்லறை எல்லாவற்றையும் டேபிளில் வைக்கச் சொல்லுங்கள்.

எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பிஎம்ஐ, அதாவது உடல் நிறை குறியீட்டெண். உயரத்தை மீட்டரில் போட வேண்டும். அயர்ன் மாஸ்டர் 70 கிலோ, 170 செ.மீ. 70ஐ 1.7ஆல் வகுத்தால் 41.18. அதை மறுபடி 1.7ஆல் வகுத்தால் 24.2. செல்போன் கால்குலேட்டரில் பத்து நொடி வேலை.

இந்தக் கணக்கைப் போட்டவர் டாக்டர் இல்லை என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. பெல்ஜியத்தைச் சேர்ந்த அடோல்ப் கெட்லே என்கிற வானியல், புள்ளியியல் அறிஞர் 1830களில் போட்ட கணக்கு. சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்பது அவருடைய ஆராய்ச்சி, யாருக்கு நோய் வரும் என்பது இல்லை. 1972இல் அமெரிக்காவின் ஆன்செல் கீஸ்தான் அதற்கு பிஎம்ஐ என்று பெயர் வைத்தார். கூட்டத்தைப் பார்க்க எழுந்த கணக்கு அது. தனி ஆளுக்குப் போடும்போது அங்கங்கே இடறும்.

24 என்றால் நார்மலா?

அந்தத் தார்ப்பாய் முகாமில் அயர்ன் மாஸ்டருக்கும் ஒரு சீட்டு கிடைத்திருந்தது. அதில் "நார்மல்" என்று எழுதியிருந்தது. எழுதியவர் பார்த்த அட்டவணையில் 25 வரை நார்மல், 30க்கு மேல் பருமன். உலக அளவில் எல்லாருக்குமாகப் போட்ட எல்லை அது.

நமக்கு எல்லை வேறு. இந்திய மருத்துவர்கள் 2009இல் வெளியிட்ட ஒருமித்த வழிகாட்டுதல்படி 23ஐத் தொட்டாலே அதிக எடை, 25ஐத் தொட்டால் பருமன். காரணம், ஒரே பிஎம்ஐ இருந்தாலும் வெள்ளைக்காரர் உடம்பைவிட நம் உடம்பில் கொழுப்பு அதிகம், தசை குறைவு. பயிற்சி வகுப்பில் ஒரு படம் காட்டினார்கள், மறக்கவே முடியாது. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். இரண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. உடம்பில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எடை மெஷினுக்கு இரண்டு பேரும் ஒன்றுதான்.

அந்த மிச்சக் கொழுப்பு எங்கே சேர்கிறது என்பதுதான் விஷயம். தொடையிலும் கையிலும் தோலுக்கடியில் சேர்கிற கொழுப்பு அவ்வளவாகத் தொந்தரவு தராது. வயிற்றுக்குள்ளே குடலைச் சுற்றியும் ஈரலிலும் சேர்கிற கொழுப்புதான் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்புச்சத்துக் கோளாறு எல்லாம் அங்கிருந்து கிளம்புகிறவைதான். அதனால்தான் எனக்கு ஒரே ஒரு அளவு எடுக்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் எடை மெஷின் பக்கமே போக மாட்டேன். டேப்பை எடுப்பேன்.

வயிற்றை அளக்கும் இடம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எல்லாத் தப்பும் இங்கேதான் நடக்கிறது.

பேன்ட் போடும் இடம் இல்லை. பாவாடை நாடா கட்டும் இடமும் இல்லை. வருடக்கணக்காக நாடா இறுக்கிக் கறுத்துப்போன தழும்பு பெண்கள் இடுப்பில் இருக்கும். டேப்பைச் சுற்றும்போது கை தானாக அங்கேதான் போகும். போக விடாதீர்கள். தொப்புளையும் நம்ப வேண்டாம், தொப்பை சரிந்தால் தொப்புளும் கூடவே இறங்கும்.

எலும்பைத்தான் நம்ப வேண்டும். விலாவின் பக்கவாட்டில், அக்குளுக்கு நேர் கீழே விரலை வைத்து அழுத்திக்கொண்டே வாருங்கள். கடைசி விலா எலும்பு முடிகிற இடத்தில் விரல் மெத்தென்று உள்ளே போகும். அங்கே பேனாவால் ஒரு புள்ளி. இனி இடுப்பெலும்பு. குடத்தைச் சாய்த்து வைக்கும் மேடு இருக்கிறதே, அதன் உச்சி. அங்கே இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது புள்ளி. டேப் போக வேண்டிய இடம் அந்த மூன்றாவது புள்ளி. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் இடம் இதுதான். சதை கனமாக இருப்பவர்களுக்கு எலும்பு சட்டென்று தட்டுப்படாது. ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிரச் சொல்லுங்கள், மடிகிற இடத்தை வைத்துத் தேடினால் கிடைத்துவிடும்.

துணி விஷயம். சேலை என்றால் கொசுவத்தைத் தளர்த்திவிட்டுத்தான் அளக்க வேண்டும். கொசுவமும் சொருகலும் சேர்ந்தால் அளவு தாராளமாகக் கூடிவிடும். தோல்மேல் டேப் படுவதுதான் சரி. கூச்சப்படுகிறவர்களை வற்புறுத்தாதீர்கள், ஒரே ஒரு மெல்லிய துணி மேல் எடுக்கலாம். அடுத்த முறையும் அதே மாதிரி துணி மேலேயே எடுத்தால் ஒப்பிட முடியும். எங்கள் கம்பெனியில் பெண்களுக்கு நான் தனியாகத் திரை போட்டு அளப்பேன், ஆண்களுக்கு அங்கே வேலை செய்கிற ஆண் உதவியாளர் அளப்பார். அயர்ன் மாஸ்டர் மாதிரி வயதில் மூத்தவர்கள், "நீங்களே பாருங்க்கா" என்று சொன்னால் நான் பார்ப்பேன்.

காலைச் சேர்த்து, எடை இரண்டு காலிலும் சமமாக இருக்கும்படி நிற்கச் சொல்லுங்கள். கைகள் பக்கத்தில் தளர்வாகத் தொங்கட்டும். டேப்பை முதுகுப் பக்கமாகச் சுற்றி முன்னால் கொண்டுவாருங்கள். முன்னால் சரியாக இருக்கும், பின்னால் சரிந்திருக்கும், இது எப்போதும் நடக்கும். குனிந்து சுற்றிலும் ஒரு முறை பாருங்கள், தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். நீங்களே உங்களுக்கு அளக்கும்போது கண்ணாடி முன் நின்று பக்கவாட்டில் திரும்பிப் பாருங்கள். டேப் தோலைத் தொட வேண்டும், தோலில் பதியக் கூடாது.

இப்போதுதான் வேடிக்கை. டேப்பைக் கண்டதும் எல்லாரும் வயிற்றை உள்ளே இழுப்பார்கள். வேண்டுமென்று இல்லை, கேமரா முன் நிமிர்ந்து நிற்பதுபோல அது தானாக நடக்கும். "வயித்த உள்ள இழுக்காதீங்க" என்று சொன்னால் இன்னும் விறைப்பார்கள். நான் டேப்பைப் பிடித்துக்கொண்டே, "பையன் எத்தனாவது போறானுங்க?" என்று கேட்பேன். பதில் சொல்லி முடித்து ஓரிரண்டு மூச்சு வழக்கம்போல விட்ட பிறகு, மூச்சு வெளியே போய் முடிகிற நேரத்தில் படித்துவிடுவேன். சாதாரணமாக விடுகிற மூச்சின் முடிவு, அதுதான் படிக்க வேண்டிய நொடி. ஊதித் தள்ளின மூச்சு இல்லை.

எழுதிக்கொண்டு, டேப்பை முழுக்க எடுத்துவிட்டு, இன்னொரு முறை அளங்கள். இரண்டுக்கும் ஒரு சென்டிமீட்டருக்குள் வித்தியாசம் என்றால் சராசரி போடுங்கள். அதற்கு மேல் போனால் இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி இரண்டு முறை. நேரம் காலை வெறும் வயிறாக இருந்தால் உத்தமம். முடியாவிட்டால் சாப்பாட்டுக்கு முன். மதியம் சாப்பிட்ட கையோடு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன், அப்போது அளப்பது சாம்பார் சாதத்தையும் சேர்த்துத்தான்.

எத்தனை என்றால் கவலை

பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. டெய்லர் பாஷையில் முப்பத்தொன்றரை இன்ச், முப்பத்தைந்தரை இன்ச். இதைத் தொட்டாலோ தாண்டினாலோ வயிற்றுப் பருமன் என்று அர்த்தம். வெளிநாட்டுப் புத்தகங்களில் 88, 102 என்று பார்ப்பீர்கள். அது நமக்கானது இல்லை.

இதைவிட எளிதான இன்னொரு கணக்கு இருக்கிறது. வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இதற்கு எண்ணே தேவையில்லை, சணல் கயிறு போதும். உள்ளங்காலிலிருந்து உச்சி வரை உங்கள் உயரத்துக்கு ஒரு கயிற்றை வெட்டுங்கள். அதைச் சரிபாதியாக மடியுங்கள். மடித்த கயிற்றை அந்த மூன்றாவது புள்ளியில் வயிற்றைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். இரண்டு முனையும் தொட்டால் சரி. தொடாவிட்டால் இடைவெளி எவ்வளவோ அவ்வளவு அதிகம். எழுதப் படிக்கத் தெரியாத என் சித்திக்கு நான் இப்படித்தான் பார்த்தேன். நான்கு விரல் கட்டை இடைவெளி. "அட, கவுறு சின்னதா வெட்டிட்டயா கண்ணு?" என்று கேட்டார்.

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு 2022இலிருந்து இந்தப் பாதிக் கணக்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. வயிற்றளவை உயரத்தால் வகுத்து வருவது 0.5இலிருந்து 0.59 வரை என்றால் ஆபத்து கூடுதல், 0.6 அல்லது அதற்கு மேல் என்றால் ரொம்பக் கூடுதல். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே எல்லை என்பது இதில் உள்ள சௌகரியம்.

பின்புறச் சுற்றளவையும் எடுத்து, வயிற்றளவை அதால் வகுக்கும் முறை ஒன்றும் உண்டு. ஆண்களுக்கு 0.90, பெண்களுக்கு 0.85 எல்லை. ஆராய்ச்சிக்கு நல்லது. தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றிலும் எடுத்தார்கள். நான் எடுப்பதில்லை. கூச்சம் இரட்டிப்பு, தப்பும் இரட்டிப்பு, கிடைப்பது அதே பதில்.

மூன்று பேரை வைத்துச் சொன்னால் விளங்கும்.

அயர்ன் மாஸ்டர்: பிஎம்ஐ 24.2, வயிறு 96. உயரத்தில் பாதி 85 என்றால் 11 செ.மீ. அதிகம்.

பண்டல் தூக்கும் லோடுமேன் தம்பி ஒருவர்: 168 செ.மீ., 76 கிலோ. பிஎம்ஐ 26.9. அட்டவணைப்படி அவர் பருமன். வயிறு 82தான், பாதி உயரமான 84க்கு உள்ளே. தோளிலும் தொடையிலும் இருப்பது தசை. "எனக்கு ஒண்ணும் இல்லீங்களாக்கா?" என்றார். "இந்த டேப்புல ஒண்ணும் இல்ல சாமி, பீடிய மட்டும் நிறுத்து" என்று அனுப்பினேன்.

மூன்றாவது, எனக்குப் பாடம் சொல்லித்தந்த ஒரு ஓவர்லாக் டெய்லர் அக்கா. 38 வயது, 150 செ.மீ., 51 கிலோ. பிஎம்ஐ 22.7. யாரும் குண்டு என்று சொல்ல மாட்டார்கள். கை மெலிசு, முகம் ஒட்டினது. முதல் வருடம் நான் அவரை அளக்கவே இல்லை. ஒல்லியாக இருக்கிறவரை எதற்கு என்று கண்ணாலேயே அளந்துவிட்டேன். அடுத்த வருடம் கால் எரிச்சல் என்று வந்தபோதுதான் டேப் வைத்தேன். 84. உயரத்தில் பாதி 75. சர்க்கரை ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து கண்ணால் அளப்பதை விட்டேன். வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் டேப்.

டேப்போடு இன்னும் மூன்று கேள்வி

சென்னையில் டாக்டர் வி. மோகனும் அவர் குழுவும் 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் முறை எனக்கு ரொம்பப் பிடித்தது, ரத்தமே எடுக்காமல் போடலாம். வயது 35க்குக் கீழே என்றால் பூஜ்ஜியம், 35 முதல் 49 வரை 20, 50 அல்லது அதற்கு மேல் 30. வயிறு, பெண்களுக்கு 80க்குக் கீழேயும் ஆண்களுக்கு 90க்குக் கீழேயும் பூஜ்ஜியம். அதற்கு மேல் பத்து சென்டிமீட்டர் வரை 10, அதையும் தாண்டினால் 20. உடலுழைப்பு, கடும் உழைப்பு என்றால் பூஜ்ஜியம், நடுத்தரம் 10, லேசானது 20, உட்கார்ந்தே வேலை, உடற்பயிற்சியும் இல்லை என்றால் 30. அப்பா அம்மாவில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இரண்டு பேருக்கும் என்றால் 20. கூட்டினால் 60 அல்லது அதற்கு மேல் வருகிறவர்கள் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

அந்த அக்காவுக்குப் போட்டுப் பாருங்கள். வயதுக்கு 20, வயிற்றுக்கு 10, நாள் முழுக்க மெஷினில் உட்கார்வதற்கு 30, அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததற்கு 10. மொத்தம் 70. நான் ஒரு வருடம் முன்னாலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கு.

யாருக்கு அளக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகள், சமீபத்தில் பிரசவம் ஆனவர்கள், வயிற்றில் நீர் கோத்தவர்கள், பெரிய குடலிறக்கமோ கர்ப்பப்பைக் கட்டியோ உள்ளவர்கள், இவர்களுக்கு டேப் சொல்வது கொழுப்பை இல்லை. வயிறு திடீரென்று வீங்கினால் பருமன் என்று நினைத்துக்கொண்டு வாக்கிங் போகாமல் உடனே டாக்டரிடம் போக வேண்டும். அதேபோல முயற்சி எதுவும் செய்யாமலே எடை இறங்கினால் சந்தோஷப்பட வேண்டாம், சர்க்கரை பாருங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இந்த எல்லைகள் எதுவும் பொருந்தாது, அவர்களுக்கு வயதுவாரியாகத் தனி அட்டவணை.

எப்படிச் சொல்வது

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர், ஆண்களில் 37 சதவீதம் பேர் பிஎம்ஐ 25 அல்லது அதற்கு மேல் என்று 2019-21 குடும்ப நல ஆய்வு சொல்கிறது. நம் எல்லையான 23ஐ வைத்தால் இன்னும் அதிகம் வரும். அதனால் உங்கள் வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேருக்காவது நீங்கள் ஒரு பிடிக்காத செய்தியைச் சொல்ல வேண்டியிருக்கும்.

எண்ணைச் சத்தமாகச் சொல்லாதீர்கள். முகாமில் ஒருவர் அளப்பார், இன்னொருவர் பத்தடி தள்ளி உட்கார்ந்து எழுதுவார், "தொண்ணூத்தி நாலு!" என்று கூவுவார்கள், வரிசை முழுக்கச் சிரிக்கும். அந்தப் பெண் அடுத்த வருடம் லீவு போட்டுவிடுவார். நான் துண்டுச் சீட்டில் எழுதி மடித்துக் கையில் கொடுப்பேன். "குண்டு" என்ற சொல்லை அறைக்குள் விடுவதில்லை. "உங்க உயரத்துக்கு வயிறு இவ்ளோ இருக்கலாம், இப்ப இவ்ளோ இருக்குது, ஒரு சர்க்கரை டெஸ்ட்டும் பிரசரும் பாத்துக்கலாமுங்க" என்பேன். அதோடு நிறுத்திக்கொள்வேன். அன்றைக்கே டயட் பாடம் நடத்தினால் காதில் ஏறாது.

அளவு எல்லையைத் தாண்டியது என்றால் அடுத்த வேலை மூன்று. ரத்த அழுத்தம் பார்ப்பது, வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்ப்பது, ரத்தக் கொழுப்பு பார்ப்பது. 30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அழுத்தமும் சர்க்கரையும் காசில்லாமல் பார்க்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் வந்த பிறகு வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோயாக இருக்கலாம், இன்னொரு முறை லேபில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். விரல் நுனியில் குத்திப் பார்க்கிற மெஷினை வைத்து நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். டேப் அளவு சரியாக இருக்கிறவருக்கும் சர்க்கரை வரலாம் என்பதால், "உங்களுக்கு வரவே வராது" என்றும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

அயர்ன் மாஸ்டருக்கு லேபில் 148 வந்தது. இரண்டாவது முறை 141. மாத்திரை தொடங்கியது, டீயில் சர்க்கரை நின்றது, சாயங்கால போண்டா மட்டும் இரண்டிலிருந்து ஒன்றாகியிருக்கிறது. அளந்தவரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி அளங்கள், அதே டேப், அதே நேரம், முடிந்தால் அதே கை. வாராவாரம் அளந்தால் டேப்பின் தப்புதான் தெரியும், உடம்பின் மாற்றம் தெரியாது. மூன்றாவது மாதம் அவர் எடை ஒரு கிலோதான் குறைந்திருந்தது, கோபமாக மெஷினைவிட்டு இறங்கினார். வயிறு 96இலிருந்து 92க்கு வந்திருந்தது. பேன்ட் இன்னும் 34தான்.

டேப்பை மடித்து வைக்காமல் சுருட்டி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், வெயிலில் தொங்கவிட வேண்டாம். எங்கள் க்யூசி தம்பி ஒவ்வொரு மாதமும் முதல் தேதி ஸ்டீல் ஸ்கேலோடு வந்துவிடுவார். போன மாதம் மூன்று மில்லிமீட்டர் நீண்டிருந்தது. புதுசு வாங்கிவிட்டேன்.